கூண்டுக்கு முன்னால் ஒரு புத்தகம்

பிஞ்ச் குருவி வளர்க்க ஆசைப்பட்டு யார் யோசனை கேட்டாலும், கூண்டு வாங்கும் முன் நல்ல படங்கள் உள்ள புத்தகம் ஒன்றை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். நான் முதலில் சொல்வது டெரிக் குட்வின் எழுதி 1982-இல் வெளிவந்த ‘எஸ்ட்ரில்டிட் பிஞ்சஸ் ஆஃப் தி வேர்ல்ட்’. பிரிட்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பறவைகளுக்காகவே உழைத்தவர் குட்வின். வண்ணப்படங்கள் மார்ட்டின் உட்காக் வரைந்தவை.

கைப்பேசியில் ஆயிரம் புகைப்படம் கிடைக்கும் காலத்தில் ஓவியம் எதற்கு என்று கேட்பார்கள். புகைப்படத்தில் வெயிலும் நிழலும் இறகின் நிறத்தை மாற்றிவிடும். தேர்ந்த ஓவியர் ஆணையும் பெண்ணையும் ஒரே வெளிச்சத்தில் அடுத்தடுத்து நிறுத்துகிறார். ஜீப்ரா பிஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, மார்பில் கருங்கோடுகள், விலாவில் செம்பழுப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள். பெண்ணுக்கு இவை கிடையாது. முழு வெள்ளை ஜீப்ராவில் இந்த அடையாளங்கள் எல்லாமே மறைந்துவிடும்; ஆணின் நல்ல சிவப்பு அலகையும் பெண்ணின் வெளிறிய அலகையும் வைத்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அந்தச் சிறு வித்தியாசம் பிடிபடும்.

கூல்டியன் பிஞ்ச் பற்றி வாசித்தால் வளர்க்கும் முறையே மாறிவிடும். வட ஆஸ்திரேலியாவில் அது மரப்பொந்துக்குள் முட்டையிடுகிறது. பொந்தின் இருட்டில் குஞ்சுகள் வாய் திறக்கும்போது, வாயோரத்து நீல மணிகள் உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன. இதை அறிந்தவர் அதற்குத் திறந்த கூடையை வைக்கமாட்டார். உள்ளே இருட்டாக இருக்கும் பெட்டியை வைப்பார். ஜான் கூல்ட் 1844-இல் இந்தப் பறவைக்குத் தம் மனைவி எலிசபெத்தின் நினைவாகப் பெயரிட்டார். அவருடைய பறவை நூல்களுக்குப் படம் வரைந்த எலிசபெத் 1841-இலேயே இறந்துபோயிருந்தார். ஓவியருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தெரியவில்லை.

கூல்டியன் முட்டைகளைப் பெங்காலீஸ் பிஞ்சிடம் கொடுத்து அடைகாக்கவைப்பது வளர்ப்பவர்களிடையே நெடுநாள் வழக்கம். அந்தச் செவிலித்தாயின் காட்டு மூதாதை நம் பக்கத்திலும் வாழும் வெண்முதுகுச் சில்லை. ஆனால் சில்லைகளைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒருமுறை சந்தையில் பச்சையும் சிவப்புமாக இருந்த குருவிகளை ‘ஃபாரின் பிஞ்ச்’ என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். கிட்டப்போய்ப் பார்த்தேன். சாயம் சரியாகப் பிடிக்காத வயிற்றுப் பக்கத்தில் செதில் செதிலாகப் பழுப்புக் கோடுகள். கறுத்துத் தடித்த அலகு. வயலில் நெற்கதிரைக் கொத்தும் நம் புள்ளிச் சில்லையேதான். படங்களைப் புரட்டிப் பழகாதவர் அதை ஆசையாக வாங்கிக்கொண்டு போயிருப்பார். எதை வளர்க்கலாம் என்பதோடு, எதைத் தொடவே கூடாது என்பதையும் புத்தகம் கற்றுத்தருகிறது.

கூண்டுப் பறவை தன் இரையைத் தானே தேடிக்கொள்ள முடியாது. தினையோடு சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். அது குறைந்தால் முட்டை வெளிவராமல் பெட்டைக் குருவி செத்துப்போகும். நாட்டு மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் கடல்நுரையைக் கூண்டில் மாட்டிவைத்தால் அதைக் கொறித்துத் தேற்றிக்கொள்ளும். இவ்வளவு எளிய விஷயம் தெரியாததால் போகும் உயிர்கள் ஏராளம்.

உணவு, கூடு, துணை எல்லாவற்றுக்கும் அந்தச் சிற்றுயிர் நம் அறிவை நம்பியிருக்கிறது. அதைத் தேடிக்கொள்வது வளர்ப்பவரின் முதல் கடன். புத்தகத்துக்குச் செலவழிக்க மனமில்லாதவர் பறவைக்கும் செலவழிக்க வேண்டாம்.