கீழ்க்காலிலிருந்து தொடங்குங்கள்

குமரி மாவட்டக் கடற்கரையில் பழைய மோட்டாரை யாரும் எளிதில் கைவிடுவதில்லை. 1980-களின் தொடக்கத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்களைக் கட்டிப் பழக்கிய காலத்தில், வள்ளத்தின் பின்பலகையில் மாட்டும் மோட்டார்களும் இங்கே பரவின. யமஹா, சுசூகி என்று ஜப்பானிய டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள். பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடும். புகை அதிகம், எண்ணெய்ச் செலவும் அதிகம். ஆனாலும் எனக்கு அவற்றின்மேல் தீராத பிரியம். கேம் ஷாஃப்ட் கிடையாது, ஆயில் தொட்டி கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் திறந்து பார்த்தால் உள்ளே நடப்பது புரியும்.

மோட்டார் கோளாறு என்றதும் எல்லாரும் மேல்மூடியைக் கழற்றி கார்பரேட்டரில் கைவைக்கிறார்கள். புரொப்பெல்லர் மாட்டிய கீழ்க்காலை முதலில் பாருங்கள் என்பேன் நான். அங்கே ஒரு ரப்பர் இம்பெல்லர் இருக்கிறது. கடல்நீரை உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிர வைப்பது அதுதான். பக்கவாட்டில் பீச்சுகிற மெல்லிய நீர்த்தாரை அது வேலை செய்வதற்கு அடையாளம். தாரை இளைத்தால் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். இன்னும் ஒரு வலை இழுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். தண்ணீரில்லாமல் கரையில் வைத்து ஓட்டிப் பார்ப்பதும் அதே கேடுதான். அந்த ரப்பருக்குத் தண்ணீரே மசகு.

மாற்றுவது கடினமில்லை. கியர் கம்பியின் இணைப்பை விடுவித்து, போல்ட்டுகளைக் கழற்றினால் கீழ்க்கால் தனியே இறங்கிவரும். பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே நீர்வழியில் எங்கோ அடைத்துக் கிடக்கிறது. அதை எடுக்காமல் புதியதைப் போட்டுப் பயனில்லை. இம்பெல்லரின் மூடியை இறக்கும்போது ஷாஃப்ட்டை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும்.

கீழ்க்காலைக் கழற்றிய கையோடு கியர் ஆயிலையும் வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி தங்கூசி என்கிற நைலான் தூண்டில் நரம்பு. புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, ஷாஃப்ட்டின் சீலை மெல்ல மெல்ல அறுத்துவிடும். ஆயிலை மட்டும் மாற்றி அனுப்புகிற மெக்கானிக்கை நம்பாதீர்கள். சீல் மாறாவிட்டால் பல்சக்கரங்கள் போய்விடும், அந்தச் செலவு தாங்காது.

உப்பில் இறுகிய போல்ட்டுதான் எனக்கு எப்போதும் பெரிய சோதனை. அலுமினிய உடலில் எஃகு போல்ட், நடுவில் கடல்நீர். அலுமினியம் அரித்து போல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது. குளச்சல் பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஒருவர் சொல்வார்: "மக்கா, பலத்தைக் காட்டாத. சூடு குடு, எண்ணெய் விடு, நாளைக்கு வா." அந்த ஒரு நாள் பொறுமை முறிந்த போல்ட்டைத் துளைத்தெடுக்கும் பாட்டை மிச்சப்படுத்தும். திரும்ப மாட்டும்போது புரிகளில் கிரீஸ் தடவினால் அடுத்த முறை சுகமாகக் கழலும்.

மேலே எஞ்சினில் பிளக்கும் எண்ணெயும்தான் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். மண்ணெண்ணெய் பிளக்கில் கரியைப் படிய வைக்கும். கரை சேருமுன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு அணையுங்கள். இல்லாவிட்டால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியற்காலையில் கயிற்றை எத்தனை இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காது.

மோட்டார் கடலில் மூழ்கி, எடுத்தும் உடனே பிரிக்க ஆளில்லை என்றால், வெயிலில் காயப் போடாதீர்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வையுங்கள். காற்றுப் பட்டால்தான் உள்ளே பேரிங்குகளில் துரு வேகமாக ஏறும். வேலை தொடங்கியதும் பிளக்கைக் கழற்றி, கயிறு இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் விட்டு, அன்றைக்கே ஓடவிட வேண்டும்.

கிராங்க் ஷாஃப்டையும் சிலிண்டர் துளையையும் பட்டறைக்கே விட்டுவிடலாம். மற்றதெல்லாம் வள்ளக்காரர் கைக்கு அடங்கியவை. கடலுக்குப் போகிற தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கடலுக்குப் போகாத ஒரு நாளில் மோட்டாரின் கீழ்க்காலை ஒருமுறை நீங்களே கழற்றி மாட்டுங்கள். வள்ளத்தில் புது பிளக்கும், அதைக் கழற்றும் ஸ்பேனரும், ஒரு ஜோடி துடுப்பும் எப்போதும் இருக்கட்டும்.