சுத்தமான பதிவு

இங்கிலாந்தில் பழைய கார் ஒன்றின் கதையை அறிய அதன் இலக்கத்தகடு போதும். அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் அதை அடித்தால், அந்தக் கார் ஏறி இறங்கிய எம்.ஓ.ரி என்கிற வருடாந்தத் தகுதிச் சோதனைகளெல்லாம் 2005 வரைக்கும் பின்னோக்கி விரியும். பாஸா ஃபெயிலா, அன்று மைல்மானி காட்டிய கணக்கு என்ன, சோதித்தவர் கண்ட குறை என்ன, எல்லாம் இருக்கும். காசு கேட்பதில்லை. சொந்தக்காரரின் பெயரை மட்டும் சொல்லாது.

தங்கையின் மகன் போன மாரியில் ஒரு சிவப்பு மஸ்டா எம்எக்ஸ்-5ஐக் கண்டு மயங்கிப்போய் வந்தான். 2002ஆம் ஆண்டு வண்டி. இரண்டே இருக்கை, மடித்துப் பின்னால் தள்ளிவிடுகிற துணிக்கூரை. “மாமா, பாருங்கோ, எல்லா வருசமும் பாஸ். ஒரு குறையும் எழுதேல்லை” என்று தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். எனக்கு அந்தச் சுத்தமே பிடிக்கவில்லை. பொருத்தம் பார்க்கும்போது தோஷமே இல்லாத சாதகம் வந்தால் எங்கள் அம்மம்மா பொடியனைப் பற்றிக் கேட்கமாட்டா. எழுதின சாத்திரியாரைப் பற்றித்தான் கேட்பா.

அந்தக் காரை நான் குறை சொல்லவில்லை. 1989இல் சிக்காகோ கண்காட்சியில் மஸ்டா அதை இறக்கியபோது, சின்ன விளையாட்டுக் கார் என்ற இனமே ஏறக்குறைய செத்துப்போயிருந்தது. ஆங்கிலேயர் செய்து கைவிட்ட வகையை, எண்ணெய் ஒழுகாமல், மழையிலும் உடனே ஸ்டார்ட் ஆகும்படி யப்பான்காரர் செய்து காட்டினார்கள். 2016இல் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. இயந்திரம் லேசில் சாகாது. சாவது தகரம்தான். துணிக்கூரையில் விழுகிற மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள துளைகளால் கீழே இறங்கவேண்டும். அதில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால் நீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் புகுந்து அங்கேயே கிடக்கும். வெளியே பெயின்ற் மினுங்கும். உள்ளே துரு தின்னும். மாரியில் றோட்டுக்குப் போடுகிற உப்பு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்த ஏ40கள் வாடகைக் கார்களாக ஓடி ஓடிக் கிழடு தட்டியவை. தொண்ணூறுகளில் பெற்றோல் வடக்குக்கு வராமல் தடுக்கப்பட்டபோது அவைதான் மண்ணெண்ணெயில் ஓடின. துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை ஊரையே மூடும். அந்தக் காருக்குப் பதிவேடு எதுவும் கிடையாது. அதன் வரலாறு முழுக்க ஒரு மெக்கானிக்கின் தலைக்குள் இருந்தது. எந்த வருசம் எந்தச் சந்தியில் அச்சு முறிந்தது, ஆர் வைத்திருந்த காலத்தில் பிஸ்ரன் மாற்றியது என்று நிறுத்தாமல் சொல்லுவார். அவர் சொன்னாலும் அப்பா விடமாட்டார். சாக்கை விரித்துக் கீழே படுத்து, ஸ்பானரால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்பார். நல்ல இரும்பு கிண்ணென்னும். உளுத்தது பொத்தென்னும்.

லண்டனுக்கு வந்து நான் முதல் வாங்கிய காருக்கும் எம்.ஓ.ரி இருந்தது, ஆனால் கடதாசியாக. முந்தின வருசத்துக் கடதாசியைச் சொந்தக்காரர் தொலைத்திருந்தால் அந்த வருசமே தொலைந்தது. சோதனை 1960இல் தொடங்கியபோது பத்து வயது கடந்த கார்களுக்கு மட்டுமே. பிரேக், லைற், ஸ்ரியறிங் பார்த்தால் முடிந்தது. 1967 முதல் மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது. இன்னொரு முனையில் 2018 முதல், 40 வயது தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு விலக்கு. அப்பாவின் சோமர்செற் இன்று இங்கே வந்தால் சோதனையே வேண்டாம். அந்தச் சலுகையை அப்பா ஏற்றிருக்கமாட்டார்.

சிவப்பு வண்டிக்கு வருகிறேன். பாஸ்களை எண்ணிக்கொண்டிருந்த மருமகன் இரண்டு இடங்களைத் தாண்டிப் போயிருந்தான். ஒன்று, நடுவில் இரண்டு வருசம் சோதனையே இல்லை. இடைவெளிக்கு முன்னும் பின்னும் மைல் கணக்கு ஏறக்குறைய ஒன்று. றோட்டில் ஓட்டவில்லை என்று அறிவித்துவிட்டு எங்கோ ஒரு முற்றத்தில் நிறுத்தியிருப்பார்கள்; அது குற்றமில்லை. ஆனால் நிற்கிற கார்தான் கூடுதலாகத் துருப்பிடிக்கும். மற்றது, கடைசி மூன்று பாஸ்களிலும் ஒரே வரி: அடிப்பாகம் முழுக்கத் தடித்த அடிப்பூச்சு பூசப்பட்டிருக்கிறது. “அது நல்லதுதானே மாமா, பாதுகாப்பு” என்றான். நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் சோதிப்பவர் ஓர் ஆணியைக்கூடக் கழற்றக்கூடாது. விரலால் அமர்த்தலாம், அதற்கென்று உள்ள சின்னச் சுத்தியலால் தட்டலாம், அவ்வளவுதான். தார் மாதிரிப் பூசி மூடியதற்குள் என்ன இருக்கிறது என்று அவரால் சொல்லமுடியாது. தான் பார்க்கவில்லை என்பதை எழுதிவைக்க மட்டும் முடியும். அதை அந்த மனிதர் மூன்று வருசமாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

இன்னொரு எம்எக்ஸ்-5 இருந்தது. பச்சை, ஒரு வயது மூத்தது. ‘ஃபெயில்’ என்ற சிவப்பு எழுத்தைக் கண்டு மருமகன் ஏற்கெனவே தள்ளிவிட்டிருந்தான். எனக்கு வாசிக்க வாசிக்க ஆசை வந்தது. ஒரு வருசம் இடப்பக்கப் பின் சட்டத்தில் துரு தொடங்கியிருக்கிறது என்ற எச்சரிக்கை. அடுத்த வருசம் அதே இடம் ஃபெயில். சீற்பெல்ற் பிணைக்கும் இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் உளுத்திருந்தால் விடமாட்டார்கள். நாலாம் நாள் பாஸ். பிறகு வலப்பக்கம், அதே ஒழுங்கில். ரயர் தேய்கிறது என்று எழுதினால் அடுத்த முறை அந்த வரி இல்லை. மைல் கணக்கு வருசா வருசம் ஒரே அளவில் கூடுகிறது. சொன்னதைக் கேட்டுச் செய்த ஆள் ஒருவர் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருந்தார். ஆளைக் காணமுதலே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு எச்சரிக்கை: முன் சட்டங்களில் மேலோட்டமான துரு. இந்த இரண்டாம் தலைமுறை வண்டிகளுக்கு அது தலைவிதி. இரட்டைத் தகரத்துக்கு இடையில் ஈரம் தங்கும் இடம் அது.

போய்ப் பார்த்தோம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர். காரின் பதிவுப் பத்திரமான லொக் புக்கைக் கேட்காமலே எடுத்து வந்தார். அதிலுள்ள இலக்கத்தை அடித்தால் எந்தக் கராஜில் சோதித்தது என்பதும் தெரியவரும். பாதி ஒன்றில், மீதி இன்னொன்றில். வெல்டிங் செய்த பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் வைத்திருந்தார். மருமகன் கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்துப் பார்த்தான். பூசி நிரப்பின இடமென்றால் பிடிக்காது. எல்லா இடமும் பிடித்தது. நான் ஒரு மட்டையை விரித்துக் கீழே படுத்தேன். எழும்புவதற்குத்தான் இரண்டு பேரின் உதவி வேண்டியிருந்தது.

முந்நூறு பவுண் குறைத்துக் கேட்டான். கிழவர் நூறுக்குமேல் இறங்கவில்லை, இறங்கவும் தேவையில்லை. நவம்பரில் அடுத்த சோதனை. முன் சட்டங்களை அதற்கு முதலே வெட்டி ஒட்டுவதா, சோதிப்பவர் என்ன எழுதுகிறார் என்று பார்ப்பதா என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.