வாய்தாவாம்

தமிழில் ‘ஆம்’ என்று ஓர் ஒட்டு உண்டு. ‘மழை பெய்கிறது’ என்றால் சொல்பவர் பார்த்திருக்கிறார். ‘மழை பெய்கிறதாம்’ என்றால் வேறொருவர் சொல்லக் கேட்டிருக்கிறார். செய்தி ஒன்றுதான், அதற்கான பொறுப்பு மட்டும் கைமாறிவிடுகிறது. இதே வேலையைக் கன்னடத்தில் ‘அந்தெ’ செய்கிறது, தெலுங்கில் ‘அட’ செய்கிறது. முதுகலை வகுப்பில் சான்றுநிலை என்ற தலைப்பின்கீழ் இதைப் படித்தேன். எடுத்துக்காட்டுகள் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த ஒட்டு ஒருவருடைய வீட்டுமனையையே விழுங்கக்கூடும் என்பது பெங்களூருக்கு ஆய்வுக்காக வந்த பிறகுதான் தெரிந்தது.

என் அத்தை ஸ்ரீராமபுரத்தில் வசிக்கிறார். பீனியாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தவர். வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணத்தோடு இரண்டு வளையல்களையும் விற்றுச் சேர்த்து, மாகடி சாலைப் பக்கம் இருபதுக்கு முப்பது மனை ஒன்றுக்கு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். மனையின் விலை ஏறியதும் விற்பவர் பத்திரம் பதிந்து தர மறுத்தார். 2016இல் நகர உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார் அத்தை. தெரிந்தவர் ஒருவர் வழியாக வழக்கறிஞர் கிடைத்தார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை; அதற்கான காரணம் பின்னால் வரும்.

வழக்கு என்னவாயிற்று என்று கேட்கும்போதெல்லாம் அத்தையின் விடை ஒரே அச்சில் வரும்: “நடக்குதாம் கண்ணு. அடுத்த மாசம் வாய்தாவாம்.” ஜட்ஜ் மாறிவிட்டாராம், எதிர்க்கட்சி நேரம் கேட்டதாம், நீங்கள் வரத் தேவையில்லையாம். எட்டு ஆண்டுகளில் தன் வழக்கைப் பற்றி அவர் சொன்ன வாக்கியங்களில் ‘ஆம்’ இல்லாமல் முடிந்தது ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

‘வாய்தா’ என்பதே சுவையான சொல். அரபியில் ‘வஅதா’ என்றால் வாக்குறுதி. பாரசீகம், உருது வழியாக வரும்போது வாக்களித்த நாள், தவணை என்று பொருள் விரிந்தது. நம் நீதிமன்றங்களில் ஒத்திவைப்பு என்று நிலைபெற்றது. வக்கீல், வக்காலத்து ஆகியவையும் அரபியிலிருந்து வந்தவையே. ஒப்படைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து கிளைத்தவை. நம்பி ஒப்படைக்கப்பட்டவர் வக்கீல். அவர் தரும் வாக்குறுதி வாய்தா. அத்தைக்கு இந்தச் சொற்பிறப்பு தெரியாது. ஆனால் அந்தச் சொற்களை அவற்றின் பழைய பொருளிலேயே எடுத்துக்கொண்டவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

2024 பிப்ரவரியில், மடித்து வைத்திருந்த ஒரு துண்டுச்சீட்டில் வழக்கு எண்ணைக் கண்டு, அதை இ-கோர்ட்ஸ் செயலியில் இட்டுப் பார்த்தேன். வழக்கு 2022 ஜூலையிலேயே முடிந்துபோயிருந்தது. ‘வாதி வரவில்லை, வாதி தரப்பில் எவரும் முன்னிலையாகவில்லை, வழக்கு தள்ளுபடி’ என்பது ஆங்கிலத்தில் இருந்த குறிப்பின் சாரம். அந்த நாளில் வாதி வீட்டில் உட்கார்ந்து புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். வரச் சொல்லி அவரிடம் எவரும் சொல்லவில்லை. நீதிமன்றத்தின் இலக்கணத்தில் வழக்கறிஞர் வராவிட்டால் எழுவாய் ‘வாதி’தான். தள்ளுபடிக்குப் பிறகும் மூன்று முறை ‘வாய்தாச் செலவு’ என்று அத்தை மகனின் போன்பே கணக்கிலிருந்து பணம் போயிருந்தது.

நான் வழக்கறிஞர் அல்லள். அடுத்த சில மாதங்களில் நூலகத்திலும் நீதிமன்ற வளாகத்திலும் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஆய்வாளர்களில் பலர், தம் குடும்பத்தில் ஆங்கிலத்தில் எழுதிய உத்தரவு ஒன்றை முதன்முதலாகப் படிக்கக்கூடியவர்கள் என்பதே காரணம்.

முதலில் செய்ய வேண்டியது கோபத்தை ஒத்திவைப்பது. வழக்கைக் காப்பாற்றுவது வேறு, வழக்கறிஞர்மேல் நடவடிக்கை எடுப்பது வேறு. முன்னதற்குக் கெடு உண்டு, அது ஓடிக்கொண்டிருக்கிறது. பிரதிவாதி வந்திருக்க, வாதி வராததால் உரிமையியல் வழக்கு தள்ளுபடியானால், அதே காரணத்துக்காகப் புதிய வழக்குப் போட முடியாது; உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆவது கட்டளை, 9ஆவது விதி அதைத் தடுக்கிறது. பழைய வழக்கை மீட்டெடுக்க அதே விதியின்கீழ் மனுச் செய்ய வேண்டும். அதற்குக் காலவரம்பு தள்ளுபடி நாளிலிருந்து 30 நாள். நீங்கள் பிரதிவாதியாக இருந்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால் 13ஆவது விதி. அதற்கும் 30 நாள்தான், அழைப்பாணை முறையாகச் சேராதிருந்தால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். கெடு கடந்துவிட்டால் காலவரம்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ்த் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரலாம். அதற்குப் ‘போதிய காரணம்’ காட்ட வேண்டும். அத்தைக்குக் கடந்திருந்தது பத்தொன்பது மாதம்.

வழக்கறிஞரை நம்பியிருந்தேன் என்பது போதிய காரணமா? உச்ச நீதிமன்றம் இதற்கு இரண்டு குரலில் விடை தந்திருக்கிறது. 1981இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில், அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வராததால் தள்ளுபடியான மேல்முறையீட்டை நீதிபதி டி.ஏ. தேசாய் மீட்டுத் தந்தார். ஊர்ப்புறத்து மனிதர் ஒருவர் வக்கீலை அமர்த்திக் கட்டணமும் கொடுத்துவிட்டால் தன் கடமையைச் செய்தவராகிறார். வக்கீல் வருகிறாரா என்று காவல் காப்பது அவர் வேலை அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். செலவுத்தொகை 200 ரூபாயை வராத வழக்கறிஞரிடமிருந்தே வசூலிக்கச் சொன்னது நீதிமன்றம். 1993இல் சலில் தத்தா வழக்கில் அதே நீதிமன்றம், இது எல்லார்க்கும் பொருந்தும் விதி அன்று என்றது. அங்கே கேட்டது கல்கத்தாவிலேயே தலைமையகம் வைத்திருந்த ஒரு நிறுவனம். வழக்கறிஞர் கட்சிக்காரரின் முகவர், முகவரின் செயல் கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தும் என்பது பொது நிலை. விலக்கு வேண்டுமானால் அதற்குரிய சூழ்நிலையைக் காட்ட வேண்டும். ஆகவே, வக்கீல்மேல் பழிபோட்டு ஒரு வரி எழுதினால் போதாது. நீங்கள் விசாரித்துக்கொண்டே இருந்தீர்கள் என்பதற்குத் தடயம் வேண்டும். அத்தையிடம் ஒரு ரசீதும் இல்லை. அந்த மூன்று போன்பே பதிவுகளும், கைப்பேசியில் எஞ்சியிருந்த சில குறுஞ்செய்திகளும்தான் அவருடைய பிரமாண வாக்குமூலத்துக்கு முதுகெலும்பாயின.

அடுத்தது வழக்கறிஞரை மாற்றுவது. வேறொருவர் வக்காலத்துத் தாக்கல் செய்ய முன்னவரின் ஒப்புதல் வேண்டும். ‘என்ஓசி’ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். அது கிடைக்காவிட்டால் வழியே அடைந்துவிட்டது என்று பலர் நம்பி ஆண்டுக்கணக்கில் தவிக்கிறார்கள். அப்படியில்லை. காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதி பெறலாம் என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. பாக்கிக் கட்டணத்துக்காகக் கட்டை மடக்கி வைத்துக்கொள்ளும் உரிமையும் வழக்கறிஞர்க்கு இல்லை. 2000இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: கட்டணம் வேண்டுமானால் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், கட்சிக்காரரின் ஆவணங்களைத் திருப்பித் தராதிருப்பது தொழில் ஒழுங்கீனம். எழுத்தில் கேளுங்கள், பதிவஞ்சலில் அனுப்புங்கள். நீதிமன்ற ஆவணங்களின் சான்றிட்ட நகலை நேரடியாக நீதிமன்றத்திலேயே விண்ணப்பித்தும் பெறலாம்.

புதிய வழக்கறிஞர்க்குப் பணம்? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்கள் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள் என்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள் எனப் பட்டியல் நீள்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அத்தைக்கு மாவட்ட ஆணைக்குழு வழியாகவே ஓர் இளம் வழக்கறிஞர் கிடைத்தார். எங்களிடம் அவர் முதலில் கேட்டது, “அம்மாவே கோர்ட்டுக்கு வருவார்களா?” என்பதுதான். வந்தார். நீதிபதி கன்னடத்தில் கேட்டார். முப்பது ஆண்டு பேசிப் பழகிய கன்னடத்தில் அத்தை விடை சொன்னார். மனு ஏற்கப்பட்டது. எதிர்த்தரப்புக்கு 2,000 ரூபாய் செலவுத்தொகை தர வேண்டும் என்று உத்தரவு, கொடுத்தது அத்தை. வழக்கு மீண்டும் சாட்சி விசாரணைக் கட்டத்தில் நிற்கிறது. வெல்வாரா என்பது வேறு கேள்வி. இப்போது அடுத்த தேதியைச் சொல்லும்போது அவர் ‘ஆம்’ சேர்ப்பதில்லை.

முந்தைய வழக்கறிஞரை என்ன செய்வது? மூன்று கதவுகள் பேசப்படுகின்றன. ஒன்று, மாநில பார் கவுன்சில். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 35ஆம் பிரிவின்கீழ்ப் புகார் செய்யலாம். கண்டிப்பதிலிருந்து, தொழில் செய்யத் தற்காலிகத் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். ஆனால் கவனக்குறைவு எல்லாம் ஒழுங்கீனம் ஆகிவிடாது. வெறும் அசட்டையையும் பிழையான முடிவையும் ஒழுங்கீனத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1963லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலும், அங்கே வெல்வதால் இழந்த வழக்கு உயிர்பெறாது. அத்தை என்னிடம் கேட்டது அதைத்தான்: “அங்க ஜெயிச்சா மனை வருமா?” வராது என்றேன். “அப்ப மொதல்ல மனையப் பாப்போம்” என்றார். புகார் இன்னும் கொடுக்கப்படவில்லை. விசாரிக்கப்படாத ஒருவர் பெயரை நான் எழுதாததற்கு அதுவே காரணம். அவர் தரப்பை நானும் ‘ஆம்’ போட்டுத்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது, நுகர்வோர் ஆணையம். இந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. மருத்துவர்கள் 1995 முதல் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். வழக்கறிஞர்களும் அப்படியே என்று 2007இல் தேசிய ஆணையம் சொன்னது. 2024 மே 14 அன்று நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு அதை மாற்றியது. காட்டிய காரணங்களுள் ஒன்று எனக்கு உறுத்துகிறது: வழக்கறிஞர் தம் பணியைச் செய்யும் முறைமேல் கட்சிக்காரர்க்கு நேரடிக் கட்டுப்பாடு கணிசமாக உண்டு, ஆகவே அது தனிப்பட்ட பணிக்கான ஒப்பந்தம், நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்பது. 1981இன் கட்சிக்காரர் காவல் காக்கத் தேவையற்றவர். 2024இன் கட்சிக்காரர் கட்டுப்படுத்துபவர். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள் என்று சட்டம் படித்த நண்பர்கள் விளக்கினார்கள். சரிதான். ஆனாலும், நீதிமன்றத்தின் ஆங்கிலத்தைப் படிக்கத் தெரியாத ஒருவர், பிறர் வாய்ச்சொல்லில் மட்டுமே தெரியவரும் ஒன்றை எப்படிக் கட்டுப்படுத்துவார்?

மூன்றாவது, உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு. கட்டணம் பேசிப் பணியேற்ற வழக்கறிஞர், தம் அசட்டையால் நேர்ந்த இழப்புக்கான வழக்கிலிருந்து வழக்கறிஞர் என்ற காரணத்தால் மட்டும் தப்ப முடியாது என்று 1926ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று சொல்கிறது. கர்நாடகத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் சென்ற எம். வீரப்பா எதிர் எவலின் செக்வேரா வழக்கில் 1988இல் இது பேசப்பட்டது. தம் வழக்கறிஞர்மேல் வழக்குத் தொடுத்தவர் அது நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துவிட்டார். வாரிசுகள் தொடரலாமா என்பது கேள்வி. அவருடைய சொந்த மனத்துயருக்கான கோரிக்கை என்றால் அவரோடு முடியும். ஒப்பந்த மீறலால் அவருடைய சொத்துக்கு நேர்ந்த இழப்பு என்றால் தொடரும் என்பது தீர்ப்பின் போக்கு. ஆக, வழி இருக்கிறது. அந்த வழியில் நடக்க எவ்வளவு ஆயுள் வேண்டும் என்பதையும் அதே வழக்கு காட்டிவிடுகிறது.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், கண்டதைக் கண்டவரும் கேட்டதைக் கேட்டவரும் தாமே வந்து சொல்ல வேண்டும் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதைக் கைவிடவில்லை. ‘ஆம்’ போட்ட வாக்கியத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்பதில்லை. ஆனால் அதே நீதிமன்றத்தில் தன் வழக்கு என்னவாயிற்று என்பதை எளிய கட்சிக்காரர் ‘ஆம்’ போட்டு மட்டுமே அறிந்துகொள்கிறார். இதை நான் வழக்கறிஞர்களின் குற்றமாக மட்டும் பார்க்கவில்லை. ஒரு நாளைக்குப் பல நீதிமன்ற அறைகளுக்கு ஓடும் வழக்கறிஞர்களையும், இலவசமாக வழக்காடி அத்தையை மீட்ட இளைஞரையும் ஒரே வளாகத்தில்தான் பார்த்தேன். குறை, தகவல் ஒரே ஒரு வாய் வழியாக வருவதில் இருக்கிறது.

அதை மாற்றுவதற்குச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் ‘சிஎன்ஆர்’ என்று எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்கக் குறியீடு உண்டு. அதை இட்டால் அடுத்த தேதியும் சென்ற தேதியில் நடந்ததும் கைப்பேசியில் தெரியும், கட்டணம் இல்லை. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள், வீட்டிலோ தெருவிலோ நீதிமன்றத்துக்கு நடப்பவர் எவரேனும் இருந்தால், அவருடைய சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். கட்டணத்தை வங்கி வழியாகவே தரச் சொல்லுங்கள். தேதி தெரிந்தபின் ஒருமுறையாவது உடன் சென்று, பெயர் அழைக்கப்படும்போது அவரும் அங்கே நிற்கும்படி செய்யுங்கள். தேதி கடந்துபோயிருந்தால் முதல் வேலையாக 30 நாளை எண்ணுங்கள்.