பசித்த எலும்பு

கழுத்தில் தையல் போட்ட நாலாம் நாள் ராத்திரி அம்மா சொன்னாள்: "ஏய்யா, ஒதட்டச் சுத்தி எறும்பு ஊருதுய்யா." விடிவதற்குள் இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் குவிந்து இறுகிவிட்டன.

கழுகுமலையில் எங்கள் தெருவில் பேய் என்றார்கள். முதலில் தூக்கிப்போன ஆஸ்பத்திரியிலோ, "ஆப்ரேசன் நல்லா முடிஞ்சிருச்சுல்ல, நடிக்காத" என்று தூக்க ஊசி போட்டு அனுப்பினார்கள். அறுபது வயசு மனுஷி. எங்கள் தெருப்பெயரைக் கேட்டதும் 'நீ'.

ஆறு வருஷமாக எலும்பெல்லாம் வலிக்குது என்று சொன்னவள்தான். கரிசக்காட்டில் பருத்தி எடுத்தவள், தீப்பெட்டி ஆபீசில் முதுகு ஒடிந்தவள். "வேல செஞ்ச ஒடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிடுவார்கள். நடக்கும்போதே தொடையெலும்பு முறிந்த பிறகுதான் ஒருவர் ரத்தத்தில் கால்சியம் பார்த்தார். தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு பாராதைராய்டு சுரப்பிகள். அதில் ஒன்று வீங்கி, எலும்பின் சுண்ணாம்பை உருவி ரத்தத்தில் கொட்டியிருக்கிறது. மேலைநாடுகளில் சாதாரண ரத்தச் சோதனையிலேயே இது பெரும்பாலும் அகப்பட்டுவிடும். இங்கே பலருக்கு எலும்பு முறிய வேண்டியிருக்கிறது.

வீங்கியதை எடுத்த பிறகு வந்ததைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பாடு. கால்சியம் 6.4, 8.5-க்கு மேல் இருக்க வேண்டும். மிச்சச் சுரப்பிகள் செத்துப்போனாலும் இப்படிக் குறையும். ஆனால் அப்போது சுரப்பியின் ஹார்மோனும் குறையும், பாஸ்பரஸ் ஏறும். அம்மாவுக்கு ஹார்மோன் கூடியிருந்தது, பாஸ்பரஸ் இறங்கியிருந்தது. "கட்டி மிச்சம் இருக்கு, திரும்ப அறுக்கணும்" என்றார் ஒருவர். மிச்சம் இருந்தால் கால்சியம் ஏறியல்லவா இருக்கும்?

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாதான் மெக்னீசியம், வைட்டமின் டி இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்: பசித்த எலும்பு. அதுதான் நோயின் பெயரே. ஆல்பிரைட்டும் ரைஃபென்ஸ்டைனும் 1948-லேயே எழுதி வைத்தது. வருஷக்கணக்கில் பறிகொடுத்த எலும்பு, தடை நீங்கியதும் ரத்தத்திலிருக்கும் சுண்ணாம்பையெல்லாம் வாரி எடுத்துக்கொள்கிறது. நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினார்கள். விரல்கள் பிரிந்தன. மாத்திரை மாசக்கணக்கில் ஓடியது.

அம்மாவிடம் பெயரைச் சொன்னேன். "எலும்புக்குமாய்யா பசி?" என்றாள்.

தோழர்களே, இந்த ஆப்ரேசன் முடிந்து வரும் நம் பெண்கள் உதடு மதமதக்குது, கை இழுக்குது என்றால், அன்றைக்கே கால்சியம், பாஸ்பரஸ், மெக்னீசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். 'நடிக்காத' என்று எந்த நோய்க்கும் பெயரில்லை.