வயதே தெரியாமல் மூத்தவரைக் காண்பது

மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்று இருக்கும் காரைக்காலில் வேலை தேடும் பிள்ளைகள் பலருக்கு வங்கித் தேர்வும் எஸ்.எஸ்.சி. தேர்வும்தான் பெரிய நம்பிக்கை. மாலையில் சிலருக்கு ரீசனிங் சொல்லிக்கொடுக்கிறேன். வயது ஒப்பீட்டுக் கணக்கு வந்ததும் ஆளுக்கொரு வயதை மனதுக்குள் போட்டுக்கொள்வதுதான் அவர்கள் செய்யும் முதல் வேலை. அந்த வழியே வேண்டாம் என்பேன். கணக்கு தராத செய்தி நமக்குத் தெரியாமலேயே உள்ளே நுழைந்துவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முருகன் செல்விக்கு மூத்தவர். ஃபாத்திமா செல்விக்கு இளையவர். ஜோசப் ஃபாத்திமாவுக்கு மூத்தவர். கமலா ஃபாத்திமாவுக்கு இளையவர். ஐவரில் வயதில் இரண்டாவது யார்?

முருகனுக்கு 30, செல்விக்கு 25, ஜோசப்புக்கு 28 என்று வைத்துக்கொண்டவர் "ஜோசப்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். குறி போட்டு எழுதினால் வேறு படம் கிடைக்கும். மு > செ > ஃபா > க என்பது ஒரே சங்கிலி. ஜோ > ஃபா அதில் சேராமல் தனியே நிற்கிறது. ஜோசப் முருகனுக்கு மேலே வரலாம், முருகனுக்கும் செல்விக்கும் நடுவே வரலாம், செல்விக்குக் கீழேயும் வரலாம். இரண்டாம் இடத்தில் முறையே முருகன், ஜோசப், செல்வி என்று மூன்று பேர் வருகிறார்கள். ஆகவே விடை "தீர்மானிக்க இயலாது". ஆனால் நான்காவது ஃபாத்திமா, கடைசி கமலா என்பதில் துளியும் சந்தேகமில்லை. ஒருவர் வயதும் தெரியாமல் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறதே, அதில்தான் எனக்கு இந்தக் கணக்கின் மேல் தீராத பிரியம்.

"ஜோசப் முருகனைவிட மூத்தவர் அல்லர்" என்று இன்னொரு வரி வந்தால் கவனம் வேண்டும். இளையவர் என்று அதற்குப் பொருளில்லை. இருவரும் ஒரே வயதாகவும் இருக்கலாம். பெரிது, சிறிது என்ற குறிகள் ஆங்கிலேயர் தாமஸ் ஹாரியட்டின் நூலில், அவர் இறந்த பிறகு 1631-இல் அச்சேறின. அவற்றோடு சமக் குறியையும் சேர்த்து 1734-இல் பயன்படுத்தியவர் பியேர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர். அடுத்த ஐந்தாம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைக் கைக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்க் காரைக்கால் அம்மையாரின் காலமே இப்படியொரு கணக்குதான். ஆனி பௌர்ணமி மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுகிறோம். அம்மையார் பிறந்த ஆண்டு யாருக்கும் தெரியாது. அவர் தலையால் நடந்த மண்ணை மிதிக்கத் தயங்கி ஞானசம்பந்தர் திருவாலங்காட்டுக்குள் போகாமல் வெளியே தங்கினார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். அப்படியானால் அம்மையார் சம்பந்தருக்கு முந்தியவர். அப்பரும் சம்பந்தருக்கு மூத்தவர். இந்த இரண்டு வரியை மட்டும் வைத்து "அம்மையார் அப்பருக்கும் முந்தியவர்" என்று முடித்துவிடக் கூடாது. செல்வியும் ஜோசப்பும் ஃபாத்திமாவுக்கு மூத்தவர்களாக இருந்தும், அவர்களுக்குள் யார் மூத்தவர் என்று சொல்ல முடியவில்லை அல்லவா, அதே நிலைதான். அறிஞர்கள் அம்மையாரின் மொழியையும் யாப்பையும் தனிச் சான்றாகக் கொண்டே ஆறாம் நூற்றாண்டை ஒட்டி அவரை வைக்கிறார்கள். அப்பர் ஏழாம் நூற்றாண்டு.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அம்மையாரைப் "பேயார்" என்று போற்றுகிறார். அதனால் அம்மையார் சுந்தரருக்கு முந்தியவர் ஆகிவிடுவாரா? அந்தத் தொகையில் சுந்தரரின் தோழரான சேரமான் பெருமாளும் இருக்கிறார். எனவே அம்மையார் சுந்தரருக்குப் பிந்தியவர் அல்லர் என்பது மட்டுமே அதிலிருந்து கிடைக்கும். பூகேயின் குறி இங்கேதான் வேண்டும்.

இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டுதானே சார்? ஆலங்காட்டுச் செய்தியை அப்படியே எடுத்துக்கலாமா?" தேர்வில் தந்த கூற்றைக் கேள்வி கேட்க முடியாது, வரலாற்றில் கேட்டே ஆக வேண்டும் என்றேன். பலகையில் அந்த வரியை அழித்தாள். சுந்தரர் வரியை வைத்துக்கொண்டாள். மொழியும் யாப்பும் தரும் சான்றுக்கு எந்தக் குறி போடுவது என்று அடுத்த கேள்வி கேட்டாள். நாங்கள் அன்று வேறு கணக்குக்குப் போகவில்லை.