எஸ்.பி. ரோட்டிலும் கிடைக்காத ஒன்று

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்காத கம்ப்யூட்டர் பார்ட்ஸ் இல்லை என்பார்கள். அங்கே போய், "பழைய கேமிங் லேப்டாப், புது கிராபிக்ஸ் கார்டு போடணும் அண்ணா" என்று கேட்டுப் பாருங்கள். பின்மூடியைக் கழற்றியதுமே கதை முடிந்துவிடும். என்னுடையதில் சிப் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தது. அதன் மேலிருந்த தெர்மல் பேஸ்ட், காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முந்தைய தடிமனான மாடல்கள் சிலவற்றில் எம்எக்ஸ்எம் என்ற தனி அட்டை உண்டு. திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஆனாலும் பயாஸ் புது கார்டை ஏற்க வேண்டும், ஹீட் சிங்க் பொருந்த வேண்டும், அடாப்டரின் வாட் போதவேண்டும்.

லேப்டாப்பில் தண்டர்போல்ட் 3 போர்ட் இருந்தால் டெஸ்க்டாப் கார்டை வெளியே வைத்து இணைக்கலாம். பெட்டி, பவர் சப்ளை, கார்டு என்று கூட்டிப் பார்த்தால் மயக்கமே வரும். 2024இல் வந்த பிரேம்வொர்க் லேப்டாப் 16 கிராபிக்ஸைக் கழற்றி மாற்றும் வசதியோடு வந்தது. அது விதிவிலக்கு.

ஆகவே மக்களே, ஃபேனைத் தூசி தட்டுங்கள், பேஸ்ட்டை மாற்றுங்கள், ரேமும் எஸ்எஸ்டியும் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான காசை அடுத்த மெஷினுக்குச் சேர்த்து வையுங்கள்.