காலியாகாத நாற்காலி

கிரிக்கெட் குழு ஒன்றுக்குப் பதினொருவர். பந்தடிப்பவர் அறுவருக்கு அதில் இடமுண்டு. பந்து வீசுவோர் நால்வருக்கு இடமுண்டு. விக்கெட்டுக்குப் பின்னே கையுறை பூண்டு நிற்பவனுக்கோ இடம் ஒன்றே. அவ்வேலைக்கு வல்லார் இருவர் ஒரே காலத்தில் தோன்றிவிட்டால், ஒருவன் ஆடுவான், மற்றவன் காத்திருப்பான். தோட்டத்து ஆபீசிலே பெரிய கிராணி நாற்காலி ஒன்றுதான் என்பதை அறிந்தவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்டும் காத்திருந்தவரே. இயன் ஹீலி விலகிய பின்னரே, 1999-ல், 27-ஆம் வயதில் டெஸ்ட் ஆட்டத்திற் புகுந்தார். அப்பால் அந்த இடம் அவருடையதாகவே இருந்தது. சென்னையிற் பிறந்த தினேஷ் கார்த்திக்குக்கு வாய்த்தது வேறு. 2004 நவம்பரில், 19 வயதில், மும்பையில் அந்த ஆஸ்திரேலியரையே எதிர்த்து முதல் டெஸ்ட் ஆடினார். மறு ஆண்டு டிசம்பரில் அவ்விடத்தில் மகேந்திர சிங் தோனி வந்து நின்றார். எவ்வூரில்? கார்த்திக்கின் சொந்த ஊராகிய சென்னையில், சேப்பாக்கம் மைதானத்தில்! தோனியின் திறமையைக் குறைகூறுவது என் கருத்தன்று. பின்னர் அவரே குழுத் தலைவருமானார். தலைவரின் நாற்காலி எளிதிற் காலியாகுமா?

என் தந்தையார் கெடாவிலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினான்கு ஆண்டு சின்னக் கிராணியாயிருந்தார். பெரிய கிராணி லீவிற் சென்ற மாதங்களிலெல்லாம் அந்நாற்காலியிலிருந்து செக்ரோல் எழுதியவர் அவரே. நாற்காலி காலியானபோது துரை வேறொருவரை அமர்த்தினார். "தலையெழுத்து" என்றார் தந்தையார். அச்சொல்லை நான் சிறுவயதிலேயே வெறுத்தேன். கார்த்திக்கிடம் எனக்குப் பற்று உண்டானது அதனாலேதான்.

கையுறை கிடைக்காதபோது அவர் வேறு தொழில் கற்றார். 2007-ல் இங்கிலாந்திலே தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். புதுப்பந்து காற்றில் வளைந்தோடும் அந்நாட்டில் அது எளிய காரியமன்று. மூன்று டெஸ்டில் 263 ஓட்டம் எடுத்தார். இந்தியர் எவரும் அத்தொடரில் அவ்வளவு எடுத்தாரில்லை. 21 ஆண்டுக்குப் பின் அங்கே இந்தியா தொடரை வென்றது. ஜனங்கள் இதை மறந்துவிட்டனர். அவர்கள் நினைவில் நிற்பது 2018 மார்ச் 18-ல் கொழும்பில் அடித்த கடைசிப் பந்துச் சிக்ஸர் ஒன்றே. வங்காள தேசத்தை எதிர்த்து 12 பந்தில் 34 ஓட்டம் வேண்டியிருந்த வேளையில் வந்து, 8 பந்தில் 29 அடித்தார். பினாங்கில் அப்போது நள்ளிரவு கடந்துவிட்டது. பந்து எல்லை தாண்டியதும், கிரிக்கெட் இன்னதென்றறியாத சீனத் தோழர் ஒருவரும் எங்களோடு சேர்ந்து குதித்தார்! நானும் குதித்தேன். ஆயினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த 263-தான்.

2010 ஜனவரிக்குப் பின் எட்டாண்டு அவருக்கு டெஸ்ட் இல்லை. 2018 ஜூனில் சாஹா காயமுற்றதால் கையுறை மீண்டும் வந்தது. இங்கிலாந்தில் இரண்டு டெஸ்ட் சரியாக ஆடாததும், அது இளைஞர் ரிஷப் பந்திடம் சென்றது. 2021-ல் அதே நாட்டில் ஆட்ட வருணனையாளராக அமர்ந்தார். ஆட்டக் காலம் முடிந்ததென்றே பலர் எண்ணினர். மறு ஆண்டே, 37-ஆம் வயதில், ஆஸ்திரேலியாவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்!

தோனி ஆடிய டெஸ்ட் 90. இவர் ஆடியது 26. 2024 ஜூன் 1-ல், தம் 39-ஆம் பிறந்த நாளன்று, ஓய்வை அறிவித்தார். ஒரு மாதத்துக்குள் பெங்களூருக் குழு அவரைப் பந்தடிப்புப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டது. 2025-ல் அக்குழு முதன்முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது.